நாயனமும் ஜாஸும்

கல்லூரி மலர்களில் தமிழாசிரியர் எழுதும் கட்டுரை சிலம்பிலோ கம்பனிலோ தொடங்கி, அங்கேயே முடிவது வழக்கம். இம்முறை அவ்வழக்கத்தினின்றும் சற்றே விலகி, நம் பழைய மாணவர் பலரும் ஆசிரியர் சிலரும் அண்மைக்காலத்தில் சூடாக வாதிட்டுவரும் பொருளொன்றை எடுத்துக்கொள்கின்றோம். நமது சாஸ்திரீய இசையை அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையுடன் கலத்தல் தகுமா, தகாதா என்பதே அப்பொருள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம் பழைய மாணவர்தம் பிள்ளைகள் சிலர், வயலின், மிருதங்கம், சாக்சபோன் ஆகியவற்றைக் கொண்டு அத்தகைய நிகழ்ச்சியொன்றை விழா அரங்கில் அளிக்க விரும்பினர். அதனைக் கேள்வியுற்ற ஒரு சாரார், சரஸ்வதி பூசை நிகழும் மண்டபத்திற் கூத்தடிப்பதா என்று முகஞ் சுளித்தனர். மற்றொரு சாரார், காலத்துடன் நடவாதவர் கரையிலேயே நின்றுவிடுவர் என்று மறுமொழி கூறினர். இரு சாராரும் பேசிய பேச்சில் இசை குறைவாகவும் ஆவேசம் மிகுதியாகவும் இருந்தமையே எம்மை எழுதத் தூண்டிற்று.

இக்கலப்பிசையை அந்நியர் எவரோ கடல்கடந்து கொண்டுவந்த சரக்கென்று எண்ணுவோர்க்கு முதலில் ஒரு செய்தி. இத்துறையில் உலகப் புகழெய்திய வயலின் வித்துவான்கள் இருவர், நம் யாழ்ப்பாணத்து மண்ணில் வளர்ந்தவர்கள். கேரளத்துப் பிறந்த வயலின் மேதை வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்து இசைக்கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அவர்தம் மைந்தர் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகிய மூவரும் தந்தையாரிடமே வில்பிடிக்கக் கற்றனர். 1950இல் சென்னையிற் பிறந்த எல். சங்கர், தம் ஏழாவது வயதில் முதன்முதலாக மேடையேறியது நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில். மறு ஆண்டே, 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்தின்பின், அக்குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பிற்று. அக்கலவரத்தில் எரிந்த வீடுகளைக் கணக்கிட்டோர் உளர். புறப்பட்டுப் போன ஆசிரியர்களைக் கணக்கிட்டோர் இலர். பிற்காலத்தில் வைத்தியநாதன் திரையிசை அமைப்பாளரானார். சுப்பிரமணியம் சென்னையில் மருத்துவம் பயின்று பட்டமும் பெற்று, பின் வயலினுக்கே தம்மை ஒப்புவித்து, பிரான்ஸ் நாட்டு ஜாஸ் வயலின் முதியவர் ஸ்ரெபான் கிறப்பெலி, அமெரிக்கப் பியானோக் கலைஞர் ஹேர்பி ஹான்கொக் முதலியோருடன் இணைந்து வாசித்தார். சங்கரோ அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கே நிகழ்ந்ததைப் பின்னர்ச் சொல்லுவோம்.

ஜாஸ் என்பது யாது? இதனை வெறும் ஆட்டபாட்டம் என எண்ணுவோர் நம்மிடையே மிகப் பலர். மிசிசிப்பி ஆறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்துள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரிலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி உருவாகியது அவ்விசை. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்களே அதனைப் படைத்தவர்கள். அவர்தம் மூதாதையர் நெஞ்சிற் சுமந்துவந்த தாளம், வயல்களிற் பாடிய துயரப்பாடல், தேவாலயத்துத் துதிப்பாடல், ஐரோப்பியரின் பித்தளைக் குழல்கள், அவர்களுடைய ஒத்திசை முறை ஆகிய யாவும் ஒருங்கே கலந்து பிறந்த குழந்தை அது. எனவே ஜாஸ் பிறப்பிலேயே கலப்பிசை. அந்நகரிற் சாவு ஊர்வலத்தின் முன்னே பித்தளை வாத்தியக்காரர் துயர இசை வாசித்துச் செல்வர். அடக்கம் முடிந்து திரும்புகையில் களியிசை வாசித்து வருவர். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் நம் மாணவர் ஊதும் ட்றம்பெற்றும் அப்பித்தளைக் குடும்பத்ததே. கருவி நம் கைக்கு எப்பொழுதோ வந்துவிட்டது, இசைதான் வரவில்லை.

ஜாஸ் இசைஞன் ஏட்டைப் பார்த்து வாசிப்பவனல்லன். எடுத்துக்கொண்ட மெட்டைச் சபையறிய ஒருமுறை வாசித்துவிட்டுப் பின் தன் கற்பனையால் அதனை விரித்துச் செல்வான். உடனிருப்போர் அவனைத் தொடர்வர், இடையிடையே வினவுவர், விடையிறுப்பர். நம்மவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? பல்லவியை எடுத்து நிரவல் செய்து, கற்பனாஸ்வரம் பாடி, வயலின்காரர் விடைகூற, ஈற்றில் தனி ஆவர்த்தனம் விடும் கச்சேரி மரபினர்க்கு இம்முறை புதிதன்று. உலகில் எழுதிவைத்த இசையைப் பிழையற வாசிப்பதையே புலமையெனக் கருதும் மரபுகள் உள. அவற்றினின்று வேறாய், அவ்வப்போது படைப்பதையே புலமையெனக் கொள்ளும் மரபுகளில் நம்முடையதும் ஜாஸும் அடங்கும். இவ்விரண்டும் ஒன்றையொன்று நாடியதில் வியப்பில்லை.

மைல்ஸ் டேவிஸ் என்னும் ட்றம்பெற் மேதை 1959இல் வெளியிட்ட ‘கைண்ட் ஒப் புளூ’ என்ற இசைத்தட்டு இந்நெருக்கத்தை மேலும் வளர்த்தது. அதுவரை ஜாஸ் இசைஞர், கணத்துக்குக் கணம் மாறும் ஒத்திசைக் கூட்டங்களின்மீது ஓடிப் பாய்ந்தே கற்பனை செய்தனர். டேவிஸ் அக்கூட்டங்களைக் குறைத்து, ஒரு ஸ்வரவரிசையை எடுத்து அதிலே நீண்டநேரம் உலாவினார். அத்தட்டின் முதற்பாடலாகிய ‘சோ வாட்’ எடுத்தாளும் வரிசை, நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்களே. ஆனால் ஒன்று: முப்பத்திரண்டு அளவு கொண்ட அப்பாடலில் முதற் பதினாறு கடந்ததும், அடுத்த எட்டுக்கு வரிசை முழுவதும் அரைச்சுரம் மேலே ஏறி நிற்கும், பின் மீண்டும் இறங்கும். ஆதார ஷட்ஜத்தையே இடையிற் பெயர்த்துவைப்பதை நம் தம்பூரா பொறுக்குமா? பொறாது. ஒற்றுமையைக் கண்டு மகிழ்வோர் இவ்வேற்றுமையையும் காணல் வேண்டும். டேவிசுடன் அத்தட்டில் வாசித்த யோன் கொல்ற்றேன் என்னும் சாக்சபோன் கலைஞர், 1961இல் ‘இந்தியா’ எனப் பெயரிட்டே ஒரு பாடலை ஒலிப்பதிவு செய்தார். 1965இற் பிறந்த தம் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி எனப் பெயரிட்டார். பக்தியென்றே அதனைச் சொல்லலாம்.

1966இல் இலண்டனில் யமேக்காத் தீவிற் பிறந்த யோ ஹரியட்டும், கல்கத்தாவிற் பிறந்த யோன் மேயரும் சேர்ந்து இந்திய-ஜாஸ் இசைத்தட்டொன்றை வெளியிட்டனர். ஜாஸ் இசைஞர் ஐவர் ஒருபுறம், இந்திய இசைக் குழுவினர் ஐவர் மறுபுறம். முன்னோடி முயற்சி என்ற வகையில் அதற்குரிய மதிப்பை யாம் மறுப்பவரல்லேம். எனினும் கேட்குந்தோறும், சம்பந்தம் பேச வந்த இரு வீட்டார் எதிரெதிர்ப் பாய்களில் அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பது போலவே எமக்குத் தோன்றும். 

அப்பாய்கள் ஒன்றானது 1975இல். ஆங்கில நாட்டவராகிய யோன் மக்லாக்லின் மைல்ஸ் டேவிசிடம் கிற்றார் வாசித்தவர். தம் மின்கிற்றார்க் குழுவாற் பெரும் புகழ் பெற்றிருந்தவர். அவர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் மாணவனாக அமர்ந்து வீணை கற்றார். அங்கே நம் நல்லூர் மேடையில் வாசித்த சங்கரைச் சந்தித்தார். தபேலாவுக்கு சாகிர் ஹுசேன், கடத்துக்கு ரி. எச். விநாயக்ராம், மிருதங்கத்துக்கு இராமநாதபுரம் இராகவன். இவ்வாறு எழுந்ததே ‘சக்தி’ என்னும் குழு. இவர்கள் செய்தவற்றினும் செய்யாது விட்டவையே யாம் கூர்ந்து நோக்கத்தக்கவை. பியானோவைச் சேர்க்கவில்லை. மேலைநாட்டு ட்றம்மைச் சேர்க்கவில்லை. அக்காலத்தில் இளைஞரை மயக்கிய மின்கருவிகளின் பேரொலியையும் விட்டொழித்தனர்.

ஏன்? ஒத்திசை என்பது பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலித்துக் கட்டடம் எழுப்புவது. கட்டடத்துக்குக் கல் அசையாது நிற்றல் வேண்டும். நமது இராகத்திலோ ஸ்வரம் அசைவதே உயிர். தோடியின் காந்தாரத்தைப் பியானோவின் ஒரு கட்டையில் விரலூன்றிக் காட்டுங்கள்; அங்கே தோடி இராது. அதன் கீழ் அசையாத கூட்டொலியொன்றையும் வைத்தாலோ, கமகம் அதன்மீது மோதிச் சிதையும். மக்லாக்லின் இதனை உணர்ந்தவராதலின் தம் கருவியையே மாற்றினார். அவர் செய்வித்த கிற்றாரில் மெட்டுகளுக்கிடையே பலகை குழிவாகக் கடையப்பட்டிருந்தது. விரல் தந்தியை அழுத்தி இழுக்க, வீணையிற்போல ஸ்வரம் வளைந்தெழும். குறுக்கே ஏழு துணைத்தந்திகள் ஆதார சுருதியை ஒலித்துக்கொண்டிருக்கும். தாளத்துக்காகக் கொன்னக்கோலையும் கற்றார். 2007இல் விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேசுடன் சேர்ந்து அதனைக் கற்பிக்கும் ஒளித்தட்டொன்றையும் வெளியிட்டார். புகழின் உச்சியிலிருந்த ஒருவர் இன்னொரு மரபின் பாலபாடத்திலிருந்து தொடங்கியமை நம் மாணவர் மனங்கொள்ளற்பாலது. அக்குழு 1970களின் இறுதியிற் கலைந்து, 1997இல் வேறு வடிவில் மீண்டு, மாண்டலின் ஸ்ரீநிவாசை 2014இல் இழந்தும் தளராது, 2023இல் வெளியிட்ட ‘திஸ் மொமென்ற்’ என்ற இசைத்தொகுப்புக்கு 2024 பெப்ரவரியிற் கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு திசம்பரில் சாகிர் ஹுசேனும் மறைந்தார்.

சக்தி தோன்றிய அதே 1975இல், அளவெட்டி தந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி நாற்பத்திரண்டு வயதும் நிறையுமுன் மறைந்தார். தமிழகத்து நாதஸ்வர வித்துவான்கள் தம் அருகிருத்தி வாசிப்பித்த கைகள் அவருடையவை. விரல்நுனியிற் பிறந்த அச்சொற்கட்டுகளை உலகத்து ட்றம் கலைஞர் கேட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என எண்ணிப் பார்ப்பது வீண் வேலையென்பது தெரியும். எனினும் எண்ணாதிருக்க இயலவில்லை.

எதிர்த்திசையில் வந்தோரும் உளர். அமெரிக்கச் சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோ தென்னிந்தியாவில் நாதஸ்வரம் பயின்று, அதனைத் தம் இசைத்தட்டுகளில் வாசித்தார். பெங்களூரின் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் குழுவினருடன் 1983இல் ‘ஜோதி’ என்ற தட்டையும் வெளியிட்டார். நாதஸ்வரக்காரரின் மைந்தராகிய கத்ரி கோபால்நாத்தோ, மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவிற் கேட்ட சாக்சபோனைக் கைக்கொண்டு, கமகத்துக்கு இசையுமாறு அதன் திறப்புகளைத் திருத்தி, கர்நாடக இசைக்கே உரியதாக்கினார். 1980இற் பம்பாயில் நடைபெற்ற ஜாஸ் விழாவில் யோன் ஹண்டியுடன் இணைந்து வாசித்தார். 1994இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தில் அவர் ஊதியதைக் கேளாத தமிழர் அரியர். 2008இல் அமெரிக்காவாழ் இந்தியரான ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் அவர் சேர்ந்தளித்த ‘கின்ஸ்மென்’ என்பது அவ்விருவரும் ஒரே கருவியை இருவேறு மொழியிற் பேசும் அரிய பதிவு. அவர் 2019இல் மறைந்தார். ஒரு நாயனக்காரர் மகன் சாக்சபோனை எடுத்தார். ஒரு சாக்சபோன்காரர் நாயனத்தை எடுத்தார். இருவரும் ஆண்டுக்கணக்கிற் சாதகம் செய்தே அங்கு சேர்ந்தனர்.

இனி வீட்டுக்கு வருவோம். கலப்பு நமக்கு ஆகாது என்போர் கச்சேரி மேடையில் வயலினைக் காணும்பொழுது கண்களை மூடிக்கொள்வரோ? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் முதலியோர் ஐரோப்பியரிடமிருந்து பெற்ற கருவி அது. இருநூறு ஆண்டில் அது நம் குரலின் நிழலாயிற்று. யாழ்ப்பாணம் என்னும் பெயர்க்கே, வெளியூரிலிருந்து யாழுடன் வந்த பாணன் ஒருவனை அரசன் வரவேற்று நிலமீந்தான் என்றல்லவா கதை சொல்லுகிறோம்? வந்த கலைஞனுக்கு நிலங்கொடுத்த நாட்டார், வரும் பிள்ளைகளுக்கு ஒரு மாலைப்பொழுது மேடை கொடுக்கத் தயங்குதல் அழகன்று.

ஆயின், ஆதரிப்போர் கூற்றையும் யாம் முற்றும் ஏற்கோம். தீவகத்துத் திருவிழாக்களில் அண்மைக்காலத்தில் இணைவு இசை என்ற பெயரில் அரங்கேறுவதைக் கேட்டிருக்கின்றோம். நாதஸ்வர வித்துவான் மோகனத்தில் நாலு பிடி பிடிக்குமுன், கீபோட் எனப்படும் மின்னோர்கன் தானாக ஓடும் தாளமொன்றை முடுக்கிவிடும். தவில்காரர் அத்தாளத்துக்கு அடிமையாவார்; காலப்பிரமாணம் இயந்திரத்தின் கையில். ஒலிபெருக்கி அலற, கூட்டம் கைதட்டும். அங்கே இசைகள் கலக்கவில்லை. ஒன்று மற்றொன்றின்மேல் ஏறி அமர்ந்திருக்கிறது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடைவிதித்து, 1971 வரை அத்தடையைப் பேணிற்று. தடையென்பது மிகையே, நம் இசைநாடக மேடையில் ஆர்மோனியம் ஆற்றிய பணியை யாம் மறக்கவில்லை. ஆயினும் நிலைத்த கட்டைகளிற் கமகம் பிறவாது என்னும் அவர்தம் காரணம் பொய்யன்று. மின்னோர்கன் அவ்வார்மோனியத்தின் பேரப்பிள்ளை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சிலர்க்குக் கசக்கும். ஜாஸ் இசையை மெச்சுவோர், அது ஒடுக்கப்பட்டோர் படைத்த இசை எனப் பெருமிதத்தோடு எழுதுகின்றனர். நன்று. நம் ஊரில் அத்தகையோர் இசை எங்கே? பறை சாவீட்டின் முற்றத்தில் நின்றுவிட்டது. அதனை இசைத்தோரைப் படலைக்கு உள்ளே அழையாத நாம், கடலுக்கப்பாலுள்ள கறுப்பின மக்களின் முழக்கத்தை மண்டபத்தில் அமர்ந்து சுவைக்கின்றோம். நியூ ஓர்லியன்சின் சாவு ஊர்வலம் உலகின் பெருங்கலையாக வளர்ந்தது, அங்கும் வெள்ளையரின் இழிநோக்கைப் பொருட்படுத்தாது அம்மக்கள் அதனைத் தொடர்ந்தமையாலே. எம் வகுப்பு மாணவர்க்குச் சங்க நூல்கள் போற்றும் பறையையும் முழவையும் கற்பிக்கும்பொழுது, அவர்தம் ஊர்ப்பறையைப் பற்றி ஒரு வினா எழுந்தால், மழுப்பாது விடைசொல்ல வேண்டியவர் ஆசிரியரே. விழா அரங்கிற் கலப்பிசை இடம்பெறுமாயின், பறைக்கும் அங்கே ஓரிடம் வேண்டும்.

இவ்விழாவை முன்னிட்டு வெளிநாட்டுப் பழைய மாணவர் கல்லூரிக்கு மின்னோர்கன்களும் ட்றம் தொகுதியும் அன்பளிக்க எண்ணியுள்ளனர் எனவும் அறிகின்றோம். அவர்தம் அன்புக்குத் தலைவணங்குகின்றோம். ஆனால் தீவகத்தின் நிலையை அவர்கள் நினைந்து பார்த்தல் வேண்டும். 1990இன் பின் வெறிச்சோடிய ஊர்கள் இவை. திரும்பி வந்தோர் சிலரே. உப்புக்காற்றில் மின்கருவி நெடுநாள் நில்லாது. பழுதானால் திருத்துவதற்கு யாழ்நகருக்குத்தான் கொண்டுபோதல் வேண்டும். ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் இருப்போர்க்கு வீதியாவது உண்டு. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் கற்பிக்கும் ஆசிரியர் குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகுக்குக் காத்திருந்தே காலங் கழிக்கின்றனர். கடல் கொந்தளிக்கும் நாளிற் பாடம் இல்லை. சங்கீத ஆசிரியர் நியமனம் பெற்று வந்தாலும், ஆண்டு இரண்டு கழியுமுன் இடமாற்றம் பெற்றுப் போய்விடுகின்றனர். வயலின் கற்கத் தொடங்கிய பிள்ளை ஸரளிவரிசையோடு நின்றுவிடுகிறது. அப்பிள்ளைக்கு எதனை எதனோடு கலக்கச் சொல்லுவது?

ஆதலின், அன்பளிப்பாக நினைத்த பணத்தை வைப்பிலிட்டு, அதன் வட்டியைக் கொண்டு வயலினுக்கு ஓராசிரியரையும், நாதஸ்வரம் தவில் ஆகியவற்றுக்கு வித்துவான் இருவரையும் கிழமைக்கு இரண்டு நாளேனும் தீவில் தங்கிக் கற்பிக்குமாறு அமர்த்துதல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள். தங்குவதற்கு ஓர் அறை கல்லூரி வளவில் உண்டு. கூரையை மட்டும் வேய வேண்டும். எஞ்சும் பணத்தில் ஒரு நல்ல ஒலிபரப்புக் கருவியை நூலகத்தில் வைப்போம். அதிலே தெட்சணாமூர்த்தியின் தவிலும், லட்சுமிநாராயண ஐயரின் மைந்தர் வாசித்தவையும், மைல்ஸ் டேவிசும், கொல்ற்றேனும் ஒருங்கே இருக்கட்டும். வெள்ளிதோறும் பாடம் முடிந்தபின் அரைமணி நேரம், எவ்வித விரிவுரையுமின்றி மாணவர் கேட்கட்டும்.

ரொறன்ரோவிலிருந்து வரும் பிள்ளைகளின் நிகழ்ச்சி நடைபெறவேண்டும் என்பதே எமது கருத்து. அவர்கள் விழாவுக்கு நாலு நாள் முன்னதாக வருவார்களாயின் நலம். ஆனித் திருவிழாவில் நயினை நாகபூஷணி அம்மன் வீதியில் வாசிக்கும் வித்துவான்களில் ஒருவரை யாம் கேட்டுவைக்கின்றோம். சாக்சபோன் ஊதும் அப்பிள்ளை ஒரு மாலையேனும் அவர் முன் அமர்ந்து, ஒரே ஒரு இராகத்தை அவர் ஊதக் கேட்டுத் தானும் ஊதிப் பார்க்கட்டும். மேடையிற் சேர்ந்து வாசிப்பதா, தனித்தனியே வாசிப்பதா என்பதை அவ்விருவரும் அன்றிரவு தீர்மானிக்கட்டும். நிகழ்ச்சிநிரலை அச்சிடுவோர் அதுவரை அந்த ஒரு வரியை வெறுமையாக விட்டுவைப்பாராக.